613 கட்டளைகளும் ஓயாத வாதமும்: யூத மரபில் இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன?

கேள்வி இதுதான்: யூத மதத்தில் 613 கட்டளைகள் இருக்கின்றன, கண் விழிப்பது முதல் படுக்கப் போவது வரை எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது, அதே மக்கள்தான் எந்த விதியை எடுத்தாலும் விடாமல் வாதம் செய்கிறார்கள். கடவுள் தந்த கட்டளை என்று நம்பினால் வாதம் எதற்கு? வாதம் செய்யலாம் என்றால் அது எப்படிக் கட்டளை?

"கேள்வி கேட்பதை வரவேற்கும் மதம்" என்று பலர் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. கட்டளைப்படி வாழ்கிற ஒருவருக்குக் கேள்வி கேட்டதோடு வேலை முடிவதில்லை. வேலை செய்யக்கூடாத சப்பாத் என்ற ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை மாலை தொடங்குகிறது; பொழுது சாய்வதற்குள் அடுப்பை என்ன செய்வது, மறுநாள் சாப்பாட்டைச் சூடாக வைத்திருப்பது எப்படி என்று அவருக்கு முடிவு தெரிந்தாக வேண்டும். வாதம் அங்கிருந்துதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். செய்தே ஆக வேண்டும் என்று இருப்பதால்தான் எதைச் செய்வது சரி என்பதில் இவ்வளவு பிடிவாதம். செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி என்று இருப்பவருக்கு அந்தப் பிடிவாதம் வராது.

முதலில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். 613 என்ற கணக்கு தோராவில், அதாவது மோசேயின் ஐந்து நூல்களில், எங்கும் கிடையாது. பண்டைய அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் ரபி (மத அறிஞர்) சிம்லாய் சொன்னதாக வருகிறது: செய் என்பவை 248, மனித உடலின் உறுப்புகளைப் போல, செய்யாதே என்பவை 365, ஆண்டின் நாட்களைப் போல. பட்டியல் எதையும் அவர் தரவில்லை. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடீஸ் என்ற யூத அறிஞர் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டார். அடுத்த நூற்றாண்டில் நஹ்மானிடீஸ் என்ற இன்னொரு அறிஞர் அதை எடுத்து, இதைச் சேர்த்தது தவறு, அதை விட்டது தவறு என்று விரிவாக மறுத்து எழுதினார். ஆக, எத்தனை என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள், எவை என்பதில் ஒத்துப்போகவில்லை. அப்புறம் இன்னொன்று, கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்த பிறகு பலி, காணிக்கை, ஆசாரியர் தொடர்பான ஏராளமான கட்டளைகளைச் செய்ய வழியே இல்லாமல் போயிற்று. ஹஃபெட்ஸ் ஹயீம் என்று அழைக்கப்பட்ட ரபி (1838–1933) இஸ்ரேலுக்கு வெளியே வாழ்பவருக்கு இன்று பொருந்துபவை என்று செய்ய வேண்டியவை 77, செய்யக்கூடாதவை 194 என்று கணக்கிட்டார். ஒருவர் தினமும் 613 விதிகளைச் சுமந்துகொண்டு நடக்கிறார் என்ற படம் சரியில்லை.

ஒரு கட்டளை சமையலறைக்குள் எப்படி வருகிறது என்று பாருங்கள். வெள்ளாட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்ற வரி தோராவில், யாத்திராகமத்தில் இரண்டு தடவையும் உபாகமத்தில் ஒரு தடவையும் வருகிறது. இதிலிருந்துதான் இறைச்சியும் பாலும் சேரவே கூடாது என்பது, இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனி ஸ்பூன், வசதி இருந்தால் தனித்தனித் தொட்டி என்பது வரை எல்லாம் வளர்ந்தது. கோழிக்கு? கோழிதான் பால் கொடுப்பதில்லையே. கலிலேயரான ரபி யோசே இதைத்தான் கேட்டார், தாயின் பால் என்று சொல்லியிருப்பதால் பறவை இதில் அடங்காது என்றார். அவர் ஊரில் பறவை இறைச்சியைப் பாலோடு சாப்பிட்டார்கள். லேவி என்ற அறிஞர் ஒரு வீட்டுக்குப் போனபோது பாலில் சமைத்த மயில் தலையைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்றும், அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றும் தல்மூதில் இருக்கிறது. பிறகு அவருடைய ஆசிரியர் "அவர்களை ஏன் விலக்கிவைக்கவில்லை" என்று கேட்டபோது, அந்த ஊரில் யோசேயின் கருத்துப்படி கற்றுக்கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன் என்றார் லேவி. தனக்கு விலக்கப்பட்ட உணவு முன்னால் இருக்கிறது, ஆனாலும் அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு நியாயம் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு இந்தச் சின்னச் சம்பவம் மிகவும் பிடிக்கும். கடைசியில் யோசே தோற்றார், இன்று கட்டளை கடைப்பிடிக்கும் யூதர்கள் பொதுவாகக் கோழியையும் பாலையும் சேர்ப்பதில்லை. இறைச்சி சாப்பிட்ட பிறகு பால் குடிக்க எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில் மட்டும் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை: பெரும்பாலோர் ஆறு மணி நேரம், ஜெர்மன் யூத வழக்கம் மூன்று, டச்சு வழக்கம் ஒன்று.

சரி, இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இதற்கு ஒரே மனிதரின் வாழ்க்கையிலிருந்து மூன்று நிகழ்ச்சிகளைச் சேர்த்துச் சொல்வதுதான் நல்ல பதில் என்று நினைக்கிறேன். அவர் பெயர் ரபி யோசுவா பென் ஹனனியா. ஆலயம் இடிந்த பிறகு யாவ்னே என்ற ஊரில் அறிஞர்கள் கூடி, ஆலயம் இல்லாமல் இந்த மதம் எப்படி நடக்கப் போகிறது என்று முடிவு செய்துகொண்டிருந்த காலம் அது. 

முதல் நிகழ்ச்சி ஒரு மண் அடுப்பைப் பற்றியது. அடுப்பைத் துண்டு துண்டாக வெட்டி, இடையில் மணல் வைத்து அடுக்கினால் அது தீட்டாகுமா ஆகாதா? ஆகாது என்கிறார் ரபி எலியேசர், ஆகும் என்கிறார்கள் மற்ற எல்லோரும். எலியேசர் தன்னிடம் இருந்த எல்லா வாதங்களையும் வைத்தார், யாரும் ஏற்கவில்லை. "நான் சொல்வது சரி என்றால் இந்த மரம் நிரூபிக்கட்டும்" என்றார், மரம் வேரோடு பெயர்ந்து தள்ளிப் போய் நின்றது. மரத்தை வைத்து நிரூபணம் கிடையாது என்றார்கள். வாய்க்காலில் தண்ணீர் பின்னோக்கி ஓடியது, அதற்கும் அசையவில்லை. கல்விக்கூடத்தின் சுவர்கள் சாயத் தொடங்கின. யோசுவா சுவர்களைப் பார்த்து, அறிஞர்கள் வாதாடினால் உங்களுக்கென்ன என்று அதட்டினார். கடைசியில் வானத்திலிருந்தே ஒரு குரல், எலியேசர் சொல்வதுதான் சரி என்று. அப்போது யோசுவா எழுந்து நின்று உபாகமத்தின் சொற்களையே எடுத்துச் சொன்னார்: "அது வானத்தில் இல்லை." தோரா சீனாய் மலையில் கொடுக்கப்பட்டுவிட்டது, பெரும்பான்மையைப் பின்பற்று என்று அதிலேயே எழுதியிருக்கிறது, இனி வானத்துக் குரலுக்கு நாங்கள் காது கொடுப்பதில்லை என்பது இதற்குத் தரப்பட்ட விளக்கம். அந்த நேரத்தில் கடவுள் என்ன செய்தார் என்று பிறகு எலியா தீர்க்கதரிசியிடம் ஒருவர் கேட்டாராம். சிரித்தார், "என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள்" என்றார் என்பது எலியாவின் பதில்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். தல்மூத் நிறுத்தவில்லை. ஜெயித்தவர்கள் எலியேசர் தூய்மை என்று சொன்ன பொருட்களையெல்லாம் கொண்டுவந்து எரித்தார்கள், ஓட்டுப் போட்டு அவரைச் சபையிலிருந்து விலக்கிவைத்தார்கள். வேறு யாராவது போய்ச் சொன்னால் உலகமே அழிந்துவிடும் என்று அவருடைய மாணவர் அகிவா தானே கறுப்பு உடுத்திப் போய்த் தள்ளி உட்கார்ந்து, "உங்கள் தோழர்கள் உங்களிடமிருந்து விலகியிருப்பதாகத் தோன்றுகிறது" என்று சொன்னார். எலியேசர் சட்டையைக் கிழித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து அழுதார். அன்று உலகத்தின் ஒலிவத்தில், கோதுமையில், வாற்கோதுமையில் மூன்றில் ஒரு பங்கு நாசமானது. விலக்கிவைத்த சபையின் தலைவர் கமாலியேல். அவர் எலியேசருடைய மனைவியின் சகோதரர். கணவர் மனமுடைந்து பிரார்த்தனை செய்தால் சகோதரர் செத்துவிடுவார் என்று பயந்து அந்த அம்மாள் அவரைத் தரையில் விழுந்து வேண்டவிடாமல் காவல் காத்தார், ஒரு நாள் தவறியது, சகோதரர் இறந்துபோனார். இந்தக் கதை முழுவதும் தல்மூதில் எங்கே வருகிறது என்றால், வார்த்தையால் ஒருவரை நோகடிப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று பேசும் இடத்தில். வாதத்தின் முடிவு சரி, தோற்றவரை நடத்திய விதம் உலகத்தையே காயப்படுத்தியது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். முதல் பாதியை மட்டும் எடுத்து "பார்த்தீர்களா, கடவுளையே எதிர்த்து வாதாடும் மதம்" என்று பெருமைப்படுவது அந்த நூலுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து.

இரண்டாவது நிகழ்ச்சி நாள்காட்டி. மாதப் பிறப்பை முடிவு செய்யச் சாட்சிகள் வந்து பிறை பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை வந்த சாட்சிகளை கமாலியேல் ஏற்றுக்கொண்டார் (அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலின் ஆசிரியராக வரும் கமாலியேலின் பேரன் இவர்). மறுநாள் இரவு வானத்தில் பிறையே இல்லை. இவர்கள் பொய்ச் சாட்சிகள் என்றார் ஒரு மூத்த அறிஞர், நேற்றுப் பிள்ளை பெற்றாள் என்று சொல்கிறார்கள், இன்று அவள் வயிறு இன்னும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறதே என்று கேட்டார். யோசுவாவும் அவர் பக்கம் நின்றார். யோசுவாவின் கணக்குப்படி யோம் கிப்பூர் வேறு நாளில் வருகிறது. ஆண்டிலேயே புனிதமான நாள், உண்ணா நோன்பு, எந்த வேலையும் செய்யக்கூடாது. கமாலியேல் உத்தரவு அனுப்பினார்: உன் கணக்குப்படி யோம் கிப்பூர் வரும் அந்த நாளில் கையில் தடியும் பணப்பையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வர வேண்டும்.

யோசுவா தவித்துப்போனார். அகிவா வந்து, நாளைக் குறிக்கும் அதிகாரம் மனிதர்களின் சபைக்குத்தான் தரப்பட்டிருக்கிறது, அவர்கள் தவறாகக் குறித்தாலும் அதுதான் நாள் என்று லேவியராகமத்திலிருந்து எடுத்துக்காட்டினார். சாட்சிகளை மறுத்த அந்த மூத்தவரே, இந்தச் சபையின் தீர்ப்பைக் கேள்வி கேட்டால் மோசே காலம் முதல் இருந்த எல்லாச் சபைகளையும் கேள்வி கேட்க வேண்டியிருக்கும் என்றார். யோசுவா தடியையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு யாவ்னேக்கு நடந்தார். கமாலியேல் எழுந்து வந்து தலையில் முத்தமிட்டு, "அறிவில் என் ஆசிரியரே, என் சொல்லை ஏற்றதில் என் மாணவரே, வாருங்கள்" என்றார்.

வானத்துக் குரலையே ஏற்க மறுத்த மனிதர், தவறு என்று தனக்குத் தெரிந்த ஒரு மனிதத் தீர்ப்புக்கு, அதுவும் யோம் கிப்பூர் விஷயத்தில், கட்டுப்பட்டார். இரண்டும் ஒரே கொள்கை. தீர்ப்பு மனிதர்கள் கையில் என்று சொன்னவர், அந்த மனிதர்கள் தனக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது அதற்கான விலையையும் கொடுத்தார். கருத்தை அவர் மாற்றிக்கொண்டதாக எங்கும் இல்லை. மாற்றிக்கொள் என்று யாரும் கேட்கவும் இல்லை, நட என்றுதான் கேட்டார்கள். நினைப்பதிலும் பேசுவதிலும் மிகப் பெரிய சுதந்திரம், செய்வதில் கட்டுப்பாடு: உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பகுதி இதில் இருக்கிறது.

மூன்றாவது நிகழ்ச்சி இல்லாவிட்டால் இது வெறும் அதிகாரத்துக்குப் பணிந்துபோகும் கதையாகிவிடும். இரவுப் பிரார்த்தனை கட்டாயமா விருப்பமா என்ற கேள்வி வந்தது. கமாலியேல் கட்டாயம் என்றார், யோசுவா ஏற்கெனவே ஒரு மாணவரிடம் விருப்பம் என்று சொல்லியிருந்தார். சபையில் எல்லோர் முன்னாலும் கமாலியேல் யோசுவாவை எழுப்பி நிற்கவைத்து, தான் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டே இருந்தார். யோசுவா நின்றுகொண்டே இருந்தார். மக்கள் பொறுக்கவில்லை. போன வருஷம் யோம் கிப்பூர் விஷயத்தில் நோகடித்தார், இப்போது மறுபடியுமா, எத்தனை நாள் பொறுப்பது என்று சத்தம் போட்டு, அன்றே கமாலியேலைத் தலைமையிலிருந்து இறக்கினார்கள். அவர் வைத்திருந்த வாயில்காவலரை நீக்கி, வர விரும்பிய மாணவர் எல்லோரையும் உள்ளே விட்டார்கள். அன்று 400 பெஞ்சுகள் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது என்கிறார் ஒருவர், 700 என்கிறார் இன்னொருவர். பதவி போன கமாலியேல் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை, அன்றைக்கே வந்து விவாதத்தில் கலந்துகொண்டு யோசுவாவிடம் ஒரு வழக்கில் தோற்றார். பிறகு மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனார். சுவரெல்லாம் கரி படிந்திருந்தது. "நீங்கள் கரிவேலை செய்பவர் போலிருக்கிறதே" என்றார். அறிஞர்கள் என்ன பாடு பட்டுப் பிழைக்கிறார்கள் என்று தெரியாத உம்மைத் தலைவராகக் கொண்ட தலைமுறைக்கு ஐயோ என்றார் யோசுவா. இரவுப் பிரார்த்தனையின் கதி என்ன ஆயிற்று தெரியுமா? யோசுவா சொன்னதுபோல அது அடிப்படையில் விருப்பம்தான், ஆனால் மக்களே அதைக் கடமையாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று பிற்காலச் சட்டம் சொல்கிறது.

தோற்ற கருத்தை அழிக்காமல் எழுதிவைப்பது இந்த மரபின் இன்னொரு பழக்கம். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு, சட்டம் பெரும்பான்மைப்படிதான் என்றால் தனி ஒருவரின் கருத்தை ஏன் குறித்துவைக்கிறோம் என்று தானே கேட்டுக்கொள்கிறது. பின்னால் வரும் ஒரு நீதிமன்றம் அதைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பை மாற்ற வேண்டியிருக்கலாம் என்பது பதில். உடனே ரபி யூதா வேறு காரணம் சொல்கிறார்: யாராவது பழைய கருத்தைக் கேள்விப்பட்டு வந்தால், அது நிராகரிக்கப்பட்டது என்று காட்டத்தான். ஹில்லெல், ஷம்மாய் என்ற இரண்டு பள்ளிகளும் நூற்றுக்கணக்கான விஷயங்களில் முரண்பட்டன. திருமணச் சட்டத்திலேயே முரண்பட்டன, ஒருவர் கணக்கில் செல்லும் திருமணம் இன்னொருவர் கணக்கில் செல்லாது. அப்படியிருந்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுப்பதையும் பாத்திரம் பண்டம் இரவல் வாங்குவதையும் நிறுத்தவில்லை என்று மிஷ்னா பதிவு செய்கிறது. ஹில்லெல் பள்ளியின்படி சட்டம் அமைந்ததற்குத் தல்மூத் தரும் காரணமும் கவனிக்க வேண்டியது: அவர்கள் மென்மையானவர்கள், எதிர்த்தரப்பின் கருத்தைத் தங்கள் கருத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுத்தார்கள்.

இன்றைய வாழ்க்கைக்கு வந்தால், மின்சாரம் நல்ல உதாரணம். சப்பாத் நாளில் 39 வகை வேலைகள் கூடாது என்பது மிஷ்னா பட்டியல், அதில் தீ மூட்டுவது உண்டு, சுவிட்ச் போடுவது எப்படி இருக்கும்? 20ஆம் நூற்றாண்டில் ஹஸோன் இஷ் என்ற பெரியவர், மின்சுற்றைச் சேர்ப்பது கட்டுவது என்ற வகையில் வரும் என்றார். ரபி ஷ்லோமோ ஸல்மான் அவர்பாக் அந்தக் காரணத்தைத் துண்டு துண்டாக மறுத்தார், ஆனாலும் சமூகம் மின்சாரத்தைத் தவிர்த்துவருவதால் அந்த வழக்கத்தை மதிக்க வேண்டும் என்றார். சாதாரண வீட்டில் இரண்டு பேர் சொல்வதும் ஒரே விளைவுதான், சுவிட்சைத் தொடுவதில்லை. நோயாளி, காது கேட்கும் கருவி என்று வரும்போது காரணம் எது என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் வாதமே இல்லை, சப்பாத்தை மீறித்தான் ஆக வேண்டும், தாமதிக்கவும் கூடாது. கட்டளைகளால் வாழ வேண்டும், சாகக்கூடாது என்று லேவியராகமத்தின் ஒரு வசனத்திலிருந்து இதை எடுத்தார்கள்.

இத்தனை கருத்துகள் இருக்கும்போது ஒருவர் வசதியானதைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதையும் தல்மூத் பேசுகிறது: இரண்டு பள்ளிகளின் சலுகைகளை மட்டும் எடுப்பவன் துன்மார்க்கன், இரண்டின் கடுமைகளையும் எடுப்பவன் மூடன். ஒரு ரபியை, ஒரு வழியைத் தேர்ந்து அதன்படி நடப்பதுதான் கட்டளை கடைப்பிடிப்பவர்களின் முறை. பஸ்கா பண்டிகையின்போது அரிசியும் பருப்பும் செஃபார்தி (ஸ்பெயின் வழி வந்த யூதர்) வீட்டில் பொதுவாக உண்டு, அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி வந்த யூதர்) வீட்டில் பொதுவாகக் கிடையாது, இரண்டு வீடும் ஒரே தெருவில் இருக்கும். கன்சர்வேடிவ், ரிஃபார்ம் பிரிவுகள் இதையெல்லாம் இன்னும் தளர்வாகப் பார்க்கின்றன. ரிஃபார்ம் பிரிவு பழைய சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தும் என்றே கருதுவதில்லை. நான் இங்கே பேசுவது கட்டுப்படும் தரப்பைப் பற்றி.

புகழ்ந்துகொண்டே போக எனக்கு மனமில்லை, ஏனென்றால் இந்த வாத மண்டபத்தில் பாதிப் பேருக்கு, அதாவது பெண்களுக்கு, இடமே இருந்ததில்லை. கணவன் மனமுவந்து விவாகரத்துப் பத்திரம் தராவிட்டால் மனைவி மறுமணம் செய்ய முடியாது. கணவன் காணாமல் போன வழக்குகளில் அந்தக் கால ரபிகள் அக்கறையோடு சட்டத்தை வளைத்தார்கள், ஒரே சாட்சி போதும், பெண் சாட்சியும் போதும், கேள்விப்பட்டதும் போதும் என்றார்கள். கணவன் உயிரோடு இருந்துகொண்டு வேண்டுமென்றே தர மறுத்தால்? இஸ்ரேலில் அப்படிப்பட்டவரைச் சிறையில் போட 1995இல் சட்டம் வந்தது, அமெரிக்காவில் திருமணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் வழக்கம் பரவியிருக்கிறது, இன்னும் பெண்கள் சிக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடவுளின் குரலையே விலக்கிவைக்கத் துணிந்தவர்களால் இதற்கு முழுத் தீர்வு காண முடியவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

பெண் கல்வியில் கதை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. மகளுக்குத் தோரா கற்பிக்கவே வேண்டும் என்றார் பென் அஸ்ஸாய். அப்படிக் கற்பிப்பது கீழ்த்தரத்தைக் கற்பிப்பது போல என்றார் எலியேசர், அடுப்பு விஷயத்தில் தோற்ற அதே எலியேசர். இந்த விஷயத்தில் பல நூற்றாண்டுகள் அவர் கருத்துதான் நின்றது, ஆனால் பென் அஸ்ஸாயின் வரி அழிக்கப்படாமல் அதே பக்கத்தில் இருந்தது. 1917இல் சாரா ஷெனிரர் க்ராகூவ் நகரில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். 1923இல் ரபி மெயிர் ஷபீரோ, உலகமெங்கும் உள்ள யூதர்கள் தினமும் தல்மூதின் ஒரே தாளைப் படிக்க வேண்டும் என்ற திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மொத்தம் 2,711 தாள்கள், ஒரு சுற்று முடிய ஏழரை ஆண்டுகள். அப்படி ஒரு சுற்று முடிந்த 2020 ஜனவரியில் எருசலேமில் ஆயிரக்கணக்கான பெண்கள் தங்களுக்கென்று நிறைவு விழா நடத்தினார்கள்.

இதை நீங்களே பார்க்க விரும்பினால் தல்மூதின் முதல் பக்கத்தை எடுங்கள், ஸெஃபாரியா இணையத்தளத்தில் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலவசமாகக் கிடைக்கிறது. இரவில் சொல்ல வேண்டிய ஷெமா பிரார்த்தனையை எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை சொல்லலாம் என்ற கேள்வியோடு தொடங்கும். முதல் சாமம் முடியும் வரை என்கிறார் எலியேசர், நள்ளிரவு வரை என்கிறார்கள் மற்ற அறிஞர்கள், விடியும் வரை என்கிறார் கமாலியேல். உடனே, அவருடைய மகன்கள் விருந்துக்குப் போய் நள்ளிரவுக்கு மேல் திரும்பி, இன்னும் ஷெமா சொல்லவில்லை என்று அப்பாவிடம் வந்து நிற்பதாகக் கதை தொடர்கிறது. தனியாகப் படிக்காமல் கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், அங்கே எல்லோரும் இரண்டிரண்டு பேராகத்தான் படிப்பார்கள், ஒருவர் வாசித்து விளக்க மற்றவர் மறுக்க வேண்டும். அந்த முதல் பக்கத்துக்கே ஒரு மாலை முழுவதும் ஆகும்.